பன்னிரண்டாம் வாய்க்காலுக்கு முதலில் வந்தவர்

கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் நூலில் கட்டியிருந்த பேனா மூன்றாவது தடவையாகக் காணாமற்போயிருந்தது. நூலை யாரும் அறுக்கவில்லை. பொறுமையாக முடிச்சை அவிழ்த்து, பேனாவை எடுத்துக்கொண்டு, நூலைச் சுருட்டி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இவ்வளவு ஒழுக்கமான கள்ளரை ஜெயரூபி அதற்கு முன் கண்டதில்லை.

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கைப்பையிலிருந்து நான்காவது பேனாவை எடுத்துக் கட்டினாள். கடை மனேச்சர் நடராசா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பேனாவுக்குப் பதிலாகக் கூட்டுகிற தும்புத்தடியைக் கட்டிவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று ஆலோசனை சொன்னார். தும்புத்தடியால் எழுத முடியாதே என்றாள் ஜெயரூபி.

"இவை எழுதிற எழுத்துக்கு அது போதும், பிள்ளை" என்றார் நடராசா.

சுவரில் ஆறு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. பெரிய எழுத்து, நான்கு பக்கமும் அகலமான ஓரம். பன்னிரண்டாம் வாய்க்கால் என்ற அந்தக் குடியேற்றக் கிராமத்தின் வரலாறு அது. இணையத்தளத்தில் ஏறுவதற்கு முன் ஊர்க்காரர் கண்ணுக்கு முன்னால் பதினான்கு நாள் தொங்க வேண்டும் என்பது விதி.

போர்நிறுத்தம் வந்து வன்னிக்குப் பாதை திறந்து இரண்டு வருடமாகியிருந்த 2004ஆம் ஆண்டு அது. கிளிநொச்சியில் 'ஊர்நினைவு நிலையம்' என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். இரண்டு அறை, மூன்று கணினி, ஒரு ஸ்கானர், மாலை நான்கு மணிக்கு மூச்சு விடுவதை நிறுத்திவிடும் ஒரு ஜெனரேற்றர். வன்னியின் ஊர்க்கதைகளைத் திரட்டி இணையத்தில் ஏற்றுவது அவர்கள் வேலை. அதற்காக வரலாறு படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பட்டதாரிகள் நான்கு பேரை ஆறு மாதத்துக்கு எடுத்திருந்தார்கள். 'இளம் வரலாற்றாளருக்கான பதிப்புப் புலமைப்பரிசில்' என்று அதற்குப் பெயர். பூநகரியில் ஜெயரூபியின் அம்மா இந்தப் பெயரை அயலாருக்கு விளக்கி விளக்கிக் களைத்துப்போய், கடைசியில் மகள் கொம்பியூட்டரில் சரித்திரம் எழுதுகிறாள் என்று சுருக்கிவிட்டார். சரித்திரம்தான் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டதே, பிறகு எழுத என்ன இருக்கிறது என்று அயலார் கேட்டார்கள்.

ஆளுக்கு ஓர் ஊர். ஜூன் முப்பதாம் திகதிக்குள் யாருடைய பக்கம் தளத்தில் ஏறுகிறதோ அவருக்கு உதவிப் பதிப்பாசிரியராக ஒரு வருட வேலை. ஏறாவிட்டால் நன்றிக் கடிதம். பட்டம் பெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்த ஜெயரூபிக்கு நன்றிக் கடிதம் என்றால் அடுத்த நாளே மாமாவின் அரிசி ஆலையில் போய்க் கணக்குத் துண்டு எழுதுவது என்று பொருள். மாமா அவள் உட்காரக் கதிரைகூட வாங்கி வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தக் கதிரையை நினைத்தாலே அவளுக்கு நித்திரை வராது.

நிலையத்தின் பதிப்பாசிரியர் கமலாசனி, முன்பு பாடசாலையில் வரலாறு படிப்பித்தவர், மூன்று விதிகள் வைத்திருந்தார். எந்தத் தகவலுக்கும் ஒரே கூரையின் கீழ் வாழாத இரண்டு சாட்சிகள் வேண்டும். சுவரில் தொங்கும் தாளின் ஓரத்தில் யார் எதை எழுதினாலும் அதற்குப் பதில் எழுதவேண்டும். பதினான்கு நாள் முடிந்ததும் ஐந்து வீட்டுக்காரர் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது விதிதான் ஜெயரூபியின் உயிரை வாங்கியது. பள்ளிக்கூடத்துக்கு முதலில் தகரக் கூரை இல்லை, கிடுகுதான் என்று ஒருவர் எழுதினார், நல்லது, திருத்தினாள். வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்கு இன்னும் வரவில்லை என்று ஒருவர் எழுதினார். வருந்துகிறோம் என்று பதில் எழுதினாள். இரண்டாம் பந்தியின் ஓரத்தில் வடிவம்மா என்ற பெண்மணி, "என் சிவப்புப் பசுவைக் காணவில்லை, இடது கொம்பு வளைவு" என்று எழுதியிருந்தார். "குறிப்புக்கு நன்றி. இது குளம் கட்டிய ஆண்டோடு தொடர்புடையதல்ல. எனினும் தேடுகிறோம்" என்று ஜெயரூபி எழுதினாள். எழுதிய சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்று, தான் தங்கியிருந்த ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் கண்ணில் பட்ட மாடுகளின் கொம்பைப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாம் நாள் மாடு கிடைத்தது. வரலாற்றுத்துறைக்கு அந்த ஊரில் மதிப்பு உயர்ந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் முதலாம் பந்தியின் முதல் வரியில் அவள் ஓர் இடைவெளி விட்டிருந்தாள். "1954இல் இந்த ஊருக்கு முதலில் வந்து இறங்கியவர் ...... ஆவார்."

அந்த இடைவெளியின் ஓரம் முழுக்க இரண்டே பேரின் கையெழுத்து. ஒருவர் சிற்றம்பலம், குளக்கட்டுப் பிள்ளையார் கோயிலின் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு. பிறந்ததிலிருந்து மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, தொடாதவர் என்று ஊரே நம்பியது. சொல்லிச் சொல்லி அவரும் நம்பியிருந்தார். மற்றவர் தங்கராசா. ஊரின் முதல் ட்ரக்டரின் சொந்தக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. இருவருக்கும் எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே லொறியில், இளம் மனைவிமாரோடு, காணி பெற்று வந்தவர்கள். அந்த லொறியிலிருந்து யார் முதலில் காலைக் கீழே வைத்தது என்பதுதான் வழக்கு.

சின்ன விடயமல்ல. ஆனி மாதப் பொங்கலில் முதல் வளந்தை, அதாவது பிள்ளையாருக்குப் பொங்கும் முதற் பானையை, அடுப்பில் ஏற்றும் உரிமை முதலில் வந்த வீட்டுக்கு. யாரென்று தீராததால் இரண்டு அடுப்பு மூட்டி, இரண்டு பேரும் பானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, பூசாரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மூன்றில் இரண்டு பானையும் ஒரே நொடியில் அடுப்பேற வேண்டும். எண்ணி வைத்த பிறகும், மற்றவர் இரண்டரையில் வைத்துவிட்டார் என்று அடுத்த பொங்கல்வரை கதை நடக்கும். பிள்ளையார் பொறுமைசாலி.

ஜெயரூபி முதலில் சிற்றம்பலத்தாரிடம் போனாள். அவர் லொறியில் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வந்தவர். கதவைத் திறந்து வலது காலை முன்வைத்து இறங்கியதாகச் சொன்னார். யார் கண்டது என்று கேட்டாள். மனைவி கண்டார். மனைவி ஒரே கூரை, செல்லாது. வேறு யார்?

"வேறயார்? தங்கராசாதான். நான் இறங்கேக்க அவன் கீழ நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவன். கேட்டுப் பார்."

ஜெயரூபி எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, அப்படியானால் அவர் ஏற்கெனவே கீழே நின்றாரா என்று பணிவாகக் கேட்டாள். சிற்றம்பலத்தார் சிறிது நேரம் முற்றத்துத் தென்னையைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி வந்தது.

தங்கராசா அதற்குள் செய்தி அறிந்து கவனமாகிவிட்டார். தான் லொறி நிற்க முன்னமே பின்னாலிருந்து குதித்தவன் என்றும், எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு குஞ்சும் காணவில்லை என்றும் சொன்னார். ஒருவரும் காணாததுதான் தான் முதல் ஆள் என்பதற்கு அத்தாட்சி. அப்படியானால் சாட்சி இல்லையே, எழுத முடியாதே என்றாள் ஜெயரூபி. நான்கு தடவை போனாள். நான்கு தடவையும் அதே பதில்தான், வெற்றிலை மட்டும் புதிது.

சைக்கிளில் திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதலில் வந்தவரை வேறொருவர் கண்டிருந்தால் அந்த வேறொருவர் அதற்கு முன்பே அங்கே நின்றிருக்க வேண்டும். ஒருவரும் காணவில்லையென்றால் விதிப்படி அவர் வரவே இல்லை. கமலாசனியின் விதிப்படி உலகத்தில் எந்த ஊருக்கும் முதலில் ஒருவர் வந்திருக்க முடியாது. முப்பதாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஒருவர் எழுதுவதை மற்றொருவர் திருத்த வேண்டும் என்று பயிலுநர்களைச் சோடி சேர்த்திருந்தார்கள். அவளுடைய சோடி ஸுஹைப், வவுனியாவில் இருந்தான். முல்லைத்தீவில் பிறந்தவன். தொண்ணூறில் வடக்கின் சோனகர், அதாவது முஸ்லிம்கள், எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது பதினொரு வயதுப் பிள்ளையாகக் கையில் ஒரு பையோடு நடந்தவன். கிளிநொச்சியில் அப்போது இணைய வசதி சரியாக இல்லாததால் பக்கங்களைச் சீடி என்கிற இறுவட்டில் பதிந்து பஸ்ஸில் வவுனியாவுக்கு அனுப்புவார்கள். ஸுஹைப்தான் அங்கிருந்து தளத்தில் ஏற்றுவான். உலகத்தையே நொடியில் சுற்றப்போகும் பக்கம் முதலில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நிற்கும்.

அவள் அனுப்பியிருந்த பிரதி அவன் சிவப்புப் பேனாக் குறிப்போடு அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. யார் முதல் என்பதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்விதான்: "குளம் 1956இல்தான் கட்டி முடிந்தது என்று இரண்டாம் பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1954இல் லொறியால் இறங்கியவர்கள் அன்றைக்கு என்ன தண்ணீர் குடித்தார்கள்?"

ஜெயரூபி அந்தத் தாளை மூன்று தடவை வாசித்தாள். தண்ணீரைப் பற்றி ஆண்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் சிற்றம்பலத்தார் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அவருடைய வீட்டுக் குசினிக்குள் போனாள். அவர் மனைவி விமலேஸ்வரி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"வேறென்ன தண்ணி? கிணத்தடி நானாவின்ரை கிணத்துத் தண்ணிதான்" என்றார் அவர், இது தெரியாதா என்பது போல. "உந்தக் கோயிற் கிணறு. அவர் எங்களுக்கு முன்னமே இஞ்ச காட்டுக்கை மரம் வெட்டிக்கொண்டு இருந்தவர். மஸாஹிர் எண்டு பேர். லொறிச் சத்தம் கேட்டு வாளியோடை ஓடி வந்தவர்."

"ஐயா இதைச் சொல்லேல்லையே, அம்மா."

"நீ அவரிட்டை ஆர் முதல் வந்தது எண்டெல்லோ கேட்டனீ. என்ன குடிச்சனீங்கள் எண்டு கேட்டனியோ?"

சுளகு நிற்கவில்லை. மஸாஹிரின் மனைவி கைருன்னிஸா சோறும் சமைத்துத் தந்ததாகச் சொன்னார். மான் இறைச்சி வத்தல் கறி. பசியில் தன் கணவர் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த இடத்தில் சுளகு நின்றது. விமலேஸ்வரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மகளே, கறியை மட்டும் எழுதிப்போடாதே என்று கெஞ்சினார். ஊர்த் திருநீறு முழுக்க அவர் நெற்றியில்தான் இருக்கிறது, அதற்கு ஒரு பங்கமும் வரக்கூடாது.

தங்கராசாவின் மனைவி சிவலட்சுமியும், கேட்பதற்கு முன்பே காத்திருந்தவர் போல, அதையே சொன்னார். அதே கிணறு, அதே பெயர். தான் அப்போது எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி என்றும், வீங்கியிருந்த கால்களைக் கைருன்னிஸா தன் மடியில் வைத்து எண்ணெய் தடவிவிட்டார் என்றும் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. எட்டு வருடத்தின் பின் அந்தக் குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம் போனது. தொண்ணூறுக்குப் பிறகு எங்கே என்று தெரியாது.

பிறகு அவரும் கறியைப் பற்றி எச்சரித்தார். லொறி வந்த அந்தக் கிழமையே தன் புருசன் தன்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாராம். சிற்றம்பலம் மச்சம் தின்றது வெளியில் வந்தால் அந்த மனிசன் கோயிலில் தலை நிமிர்ந்து நிற்கமாட்டான், சாகும்வரை சொல்லாதே என்று.

இரண்டு சாட்சி, இரண்டு கூரை. அந்த முதல் வரிக்கு விதி நிறைவேறியது அப்போதுதான். ஜெயரூபி புதிய தாளில் எழுதி ஒட்டினாள்: "இந்த ஊருக்கு முதற் குடும்பங்கள் வந்தபோது மஸாஹிர் என்பவரும் அவர் மனைவி கைருன்னிஸாவும் ஏற்கெனவே இங்கே கிணறு வெட்டி வாழ்ந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு முதல் தண்ணீரை அவர்களே கொடுத்தார்கள்." கறி வரவில்லை. கமலாசனியிடம் மட்டும் போய், ஒரு தகவலை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அதனால் யாருக்கும் உரியது ஏதும் மறைகிறதா என்று அவர் கேட்டார். இல்லை, ஒரு கறி மட்டும்தான் என்றாள். கமலாசனி, வரலாறு எல்லாக் கறியையும் பரிமாற வேண்டும் என்று விதி இல்லை என்றார்.

மஸாஹிரைத் தெரியுமா என்று ஸுஹைப்புக்கும் எழுதிக் கேட்டிருந்தாள். "இலங்கையில் உள்ள சோனகர் எல்லோரும் என் மாமாமார் இல்லை, ஜெயரூபி. ஆனாலும் விசாரிக்கிறேன்" என்று பதில் வந்தது.

புதிய வரி ஒட்டிய அன்றே ஊர் கொதித்தது. அடுத்த நாள் காலை ஊர் கண்ணை நம்பாத ஒரு காட்சி நடந்தது: தங்கராசாவின் ட்ரக்டரில், மட்காட்டில் துவாயை விரித்து, சிற்றம்பலத்தார் உட்கார்ந்து கிளிநொச்சிக்குப் போனார். முதலிடம் இரண்டு பேருக்குமே இல்லை என்றதும் இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

கமலாசனி அவர்களைக் கதிரையில் இருத்தி, ஆட்சேபத்தை எழுதிக் கையெழுத்திட்டால் வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எழுதினார்கள். அழகான ஆட்சேபம். அடியில் கையெழுத்து வைக்க ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. மேல் கோட்டில் யார் வைப்பது? காலை பத்து மணிக்குத் தொடங்கியது. மாலை நான்கு மணிக்கு ஜெனரேற்றர் நின்றது. கையெழுத்திடாத ஆட்சேபத்தை மேசையில் விட்டுவிட்டு இருவரும் திரும்பிப் போனார்கள், ஒருவர் ட்ரக்டரில், மற்றவர் பஸ்ஸில்.

ஆட்சேபம் செல்லாமற்போனது. ஆனால் ஜெயரூபிக்கும் வழி பிறக்கவில்லை. இந்த இரண்டு வீடும் கையெழுத்திடாமல் தாங்கள் கையெழுத்திட மாட்டோம் என்று மற்ற வீட்டுக்காரர் ஒதுங்கிவிட்டார்கள். பொங்கல் இருபத்தெட்டாம் திகதி, திங்கட்கிழமை. அதற்கு முந்திய நாள் பின்னேரம் அவள் சங்கக்கடைச் சுவரடியில் நின்று, நூலில் பேனா மறுபடி இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுவதற்குப் புதுப் பேனாவும் இல்லை. மாமாவின் கதிரை மனதில் வந்து உட்கார்ந்தது.

பின்னால் செருமல் கேட்டது. சிற்றம்பலத்தார் தனியே நின்றார். சுற்றிவர ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, லொறி வந்த அண்டு நடந்ததெல்லாத்தையும் எழுதப்போறியோ?"

"தண்ணியை எழுதினனான், ஐயா. சோத்தை எழுதேல்லை. எழுதவும் மாட்டன்."

அவர் முகம் கறுத்தது. "தங்கராசா சொன்னவனோ?"

"இல்லை. அவரிட்டை நாலுதரம் போனனான். ஒரு சொல் சொல்லேல்லை. தன்ரை வீட்டிலையும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாதெண்டு அந்தக் கிழமையே சத்தியம் வேண்டி வைச்சிருக்கிறார். உங்கட மரியாதை கெட்டுப்போமெண்டு."

சிற்றம்பலத்தார் சுவரை நெருங்கிப் போனார். ஓரத்தில் தங்கராசாவின் கையெழுத்தில் அவரைப் பற்றி ஒன்பது குறிப்புகள் இருந்தன. சிற்றம்பலம் சொல்வது முழுப் புளுகு. சிற்றம்பலத்துக்கு ஞாபகமறதி. சிற்றம்பலம் லொறியில் வாந்தியெடுத்தவர், இறங்கும்போது நடக்கவே முடியவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இவ்வளவும் எழுதினவன்" என்றார் கடைசியில். "அதை எழுதேல்லை."

மறைத்த கறியைக் கடவுள் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். ஐம்பது வருடம் சண்டை பிடித்துக்கொண்டே ஒரு மனிதன் தன் எதிராளியின் மானத்தைக் கையில் பொத்தி வைத்திருந்தானே, அதை நிச்சயம் எங்கோ குறித்து வைத்திருப்பார்.

அடுத்த நாள் பொங்கல். கச்சான் காற்று மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. கோயிற் கிணற்றில் தண்ணீர் அள்ளி இரண்டு வளந்திலும் நிரப்பினார்கள். இரண்டு பேரும் பானையைத் தூக்கினார்கள். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டது. பூசாரி ஒன்று, இரண்டு, மூன்று என்றார்.

சிற்றம்பலத்தார் வைக்கவில்லை. தங்கராசாவைப் பார்த்துத் தலையை அசைத்து, நீ வை என்பது போல நின்றார். தங்கராசா ஐம்பது வருட அனுபவசாலி. இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அவரும் வைக்காமல் நின்றார். பூசாரி நான்கு என்றார். பானைகள் அசையவில்லை. ஐந்து என்றார். பூசாரி அன்றைக்கு எட்டு வரை எண்ண வேண்டியதாயிற்று. ஒன்பதுக்கு முன் விமலேஸ்வரி, பானையை உடைக்காமல் இரண்டு பேரும் வையுங்கோ என்று அதட்டினார். வைத்தார்கள். எந்தப் பானை முதலில் அடுப்பேறியது என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த இரண்டு முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பொங்கி முடிந்ததும் ஜெயரூபி கையெழுத்துத் தாளைக் கிணற்றுக் கட்டின் மேல் விரித்தாள். அதில் மேல் கோடும் இல்லை, கீழ்க் கோடும் இல்லை. இரவு அவள் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்து வட்டம் ஒன்று வரைந்து, அதன் நடுவில் 'கிணறு' என்று எழுதியிருந்தாள். கிணற்றைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாள்.

சிற்றம்பலத்தார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டம் வட்டமாகவே இருந்தது.

"சரி. நானா முதல். ரண்டாவது தங்கராசா எண்டு போடு, பிள்ளை" என்றார்.

தங்கராசா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏன்? என்னத்துக்கு நான் ரண்டாவது? ரண்டாவது நீதான்."

"நீ எண்டு சொல்லுறன். நீ கீழ நிண்டதை நான் கண்டனான்."

"உனக்கு ஞாபகமறதி. சுவரிலையும் எழுதியிருக்கிறன்."

இந்த வழக்கு இன்னும் ஐம்பது வருடம் போகும் என்று ஜெயரூபிக்குத் தெரிந்தது. இருவரும் ஒரே லொறியில் வந்தார்கள் என்று எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினாள். ஒருவரிடமும் பேனா இல்லை. நடராசாவின் சட்டைப் பையில்கூட இல்லை.

விமலேஸ்வரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை அவிழ்த்தார். நான்கு பேனாக்கள் இருந்தன.

"நான்தான் எடுத்தனான்" என்றார். "இவை ரண்டு பேரும் ஆளுக்காள் எழுதிறதை ஊர் வாசிச்சுச் சிரிக்குது. பேனா இல்லாட்டி எழுதமாட்டினம் எண்டு பாத்தன். வீட்டிலையிருந்து பேனா கொண்டுபோய் எழுதினவை."

ஐந்து வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது. சிற்றம்பலத்தாரும் தங்கராசாவும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே நேரத்தில், பூசாரி மூன்று எண்ண, வைத்தார்கள். மாடு கிடைத்த வடிவம்மா மூன்றாவதாக வைத்துவிட்டு, தன் பசுவின் பெயரையும் எங்காவது சேர்க்க முடியுமா என்று கேட்டார். நடராசாவும் பூசாரியும் மிச்ச இடத்தை நிரப்பினார்கள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் இறுவட்டு போனது. ஓமந்தையில் ஒரு சிப்பாய் அதை வெயிலில் திருப்பிப் பார்த்து, இதில் இருப்பது பாட்டா என்று கேட்டானாம். கொண்டுபோன நடத்துநர், ஊர் ஒன்று என்றாராம். முப்பதாம் திகதி பிற்பகல் பக்கம் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து ஸுஹைப்பின் கடிதம் வந்தது. மஸாஹிரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. புத்தளத்தில் ஒருவர் தன் வாப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்கிறார், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கேட்டுச் சொல்வார். பக்கத்தை இதுவரை பார்த்தவர்கள் முப்பத்தேழு பேர். டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருக்கிறார். அதை அவன் தமிழில் பெயர்த்தெழுதியிருந்தான்:

"உங்கள் பக்கத்தில் பெரிய பிழை இருக்கிறது. அந்த லொறியை ஓட்டிக்கொண்டு வந்தது எங்கட அப்பா. சாரதிக் கதவைத் திறந்து முதலில் இறங்கினது அவர்தான். திருத்தவும்."

எந்தக் குறிப்புக்கும் பதில் எழுத வேண்டும் என்பது விதி. சுவரில் எழுதினாலும் டென்மார்க்கிலிருந்து எழுதினாலும் விதி விதிதான். நிலையத்தில் தனக்கென்று தந்திருந்த கதிரையை ஜெயரூபி இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜெனரேற்றர் நிற்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

"வணக்கம். குறிப்புக்கு மிக்க நன்றி. இரண்டு சாட்சி கிடைத்தால் சேர்த்துக்கொள்வோம். அதற்கு முன் ஒரு சிறிய கேள்வி: அன்றைக்கு லொறி ஓட்டிக் களைத்து வந்த உங்கள் அப்பா என்ன தண்ணீர் குடித்தார் என்று வீட்டில் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? யார் கொடுத்தார்கள் என்று? அவர்களை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்."

கீழே தன் பெயரை எழுதி, பெயருக்குக் கீழே 'உதவிப் பதிப்பாசிரியர்' என்று முதல் தடவையாகத் தட்டினாள்.